மஞ்சள் போர்டும் ராத்திரி பதினோரு மணியும்

போன மாசம் வீடு மாற்றும்போது பழைய டைரி ஒன்றை உதறியதில் ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. இரண்டு விரல் அகலம், ஊதா மையில் புள்ளி புள்ளியாக அச்சு. 18-08-1996, ஞாயிற்றுக்கிழமை. நேரம் 23:09. கூப்பிட்ட எண் 04636-இல் ஆரம்பிக்கிறது. பேசிய நேரம் 4 நிமிஷம் 6 நொடி. 31 யூனிட். 39 ரூபாய்.

"இதையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றாள் வீட்டம்மா. கல்லூரியில் படிக்கும் பையன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு நிமிஷம் பேசினதுக்கு பில்லாப்பா?" என்று சிரித்தான். அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டான். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

04636 சங்கரன்கோவில். அங்கிருந்து உள்ளே தள்ளி எங்கள் கிராமம். நான் 1993-இல் வேலைக்கு டெல்லி வந்தவன். முனிர்க்காவில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கீழே தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத். ஊருக்கும் எனக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்கு அன்றைக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையில்தான் சிலருடைய பிழைப்பும் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

டிரங்க் கால் காலம்

இந்தியாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் 1882 ஜனவரியிலேயே திறந்துவிட்டன. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றிலும் ஒரே சமயத்தில். கல்கத்தாவில் ஆரம்பத்தில் 93 சந்தாதாரர்கள். அடுத்த நூறு வருஷம் கழித்தும் டெலிபோன் என்பது டாக்டர் வீடு, மில் முதலாளி வீடு, போலீஸ் ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ் என்ற அளவிலேயே இருந்தது.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180-ஐச் சுற்றி டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அவசரம் ஏற ஏற கட்டணமும் ஏறும். பெயர் என்னவோ மின்னல்தான், ஆனால் மின்னலும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மா மனசு வைத்தால்தான் வெட்டும். குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் இணைப்புக் கொடுக்கச் சொல்வதற்கு பி.பி. கால் என்று பெயர்.

அந்த பி.பி. என்ற இரண்டெழுத்தை நம்மாட்கள் வேறொரு வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில், வேலைக்கான மனுவில், டைரியின் முதல் பக்கத்தில் எண்ணை எழுதிப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போடுவோம். அது நம் வீட்டு போன் இல்லை, பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். கூப்பிடுகிறவர் "கொஞ்சம் அவங்களைக் கூப்பிட முடியுமா?" என்று பணிவாகக் கேட்க வேண்டும். போன் வைத்திருப்பவர் முகம் சுளிக்காமல் வாசலுக்கு வந்து குரல் கொடுக்க வேண்டும். ஒரு தெருவே ஒரு கருவியை நம்பி வாழ்ந்த ஏற்பாடு அது.

ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூர் எண்ணைச் சுற்றும் வசதி, அதாவது எஸ்.டி.டி., 1960-லேயே கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் போன் இருந்தால்தானே சுற்றுவதற்கு? மனுப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்தவர் சி.எம். ஸ்டீபன். போன் என்பது ஆடம்பரம், உரிமை அல்ல, சேவை பிடிக்காதவர்கள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்ள வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற பொருளில் அவர் பேசியதை இன்றைக்கும் மேற்கோள் காட்டுவார்கள். கேட்கக் கோபம் வரும். ஆனால் வரிசை இருந்தது என்னவோ உண்மை.

ஒரு தெருவுக்கு ஒரு போன்

1984-இல் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்திருந்த சாம் பிட்ரோடாவின் பெயர் இதோடு சேர்ந்தே வரும். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற, ஏ.சி. அறை கேட்காத சிறிய எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சை அவர்கள் வடிவமைத்தார்கள். 128 இணைப்புப் புள்ளிகள் கொண்ட அந்தக் கிராமப்புற எக்ஸ்சேஞ்சில் முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் அது போனது. எங்கள் பக்கத்துக்கு எஸ்.டி.டி. வந்தது இந்த வரிசையில்தான்.

எக்ஸ்சேஞ்ச் வந்தாலும் வீட்டுக்கு வீடு போன் கொடுக்கப் பணமும் இல்லை, கம்பியும் இல்லை. அப்போது நடைமுறைக்கு வந்த யோசனை சாதாரணமானது. வீட்டுக்கு ஒன்று வேண்டாம், தெருவுக்கு ஒன்று போதும். அதை அரசாங்க ஊழியர் நடத்த வேண்டாம், கமிஷனுக்கு ஒரு தனி ஆள் நடத்தட்டும்.

மேல்நாட்டிலும் பொதுத் தொலைபேசி உண்டு. 1889-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் கிரே என்பவர் காசு போட்டுப் பேசும் கருவியை வைத்துவிட்டார். அங்கே கண்ணாடிக் கூண்டு, உள்ளே கருவி, காசு போடத் துளை. ஆள் கிடையாது. நம் ஊரிலும் காசுப் பெட்டிகள் இருந்தன. பாதி நேரம் காசை விழுங்கிவிட்டுக் கம்மென்று இருக்கும், அதை நாலு தட்டு தட்டினால் சில சமயம் பேசும். எஸ்.டி.டி. பூத்தில் அந்தப் பிரச்னையே இல்லை. ஏனென்றால் கருவிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கருவி கெட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இல்லை. அதனால் அது கெடாமல் பார்த்துக்கொண்டார், கெட்டால் லைன்மேன் பின்னால் அலைந்து சரிசெய்தார்.

பூத் ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. படித்து வேலை கிடைக்காதவர்களும் எடுத்தார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய, மரியாதையான தொழில். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் மூன்று சக்கர வண்டி வெளியே நிற்க, உள்ளே ஒருவர் உட்கார்ந்து ரசீது கிழித்துக் கொடுத்ததை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்?

1994-இல் வெளிவந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையின்படி அன்றைக்கு நாட்டில் சுமார் 80 லட்சம் இணைப்புகள். காத்திருப்போர் பட்டியலில் 25 லட்சம் பேர். நூறு பேருக்கு ஒரு போன்கூட இல்லை, 0.8 தான். ஐந்தே முக்கால் லட்சம் கிராமங்களில் சுமார் 1.4 லட்சம் கிராமங்களுக்குத்தான் போன் எட்டியிருந்தது. நகரங்களில் 500 பேருக்கு ஒரு பொதுத் தொலைபேசி என்பது அந்தக் கொள்கை வைத்த இலக்கு. அந்த மஞ்சள் போர்டுகள் திடீரென்று முளைத்த மாதிரி தெரிந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

இரண்டு நொடியும் எட்டு நொடியும்

பில்லில் 31 யூனிட் என்று இருக்கிறதே, அது என்ன?

எக்ஸ்சேஞ்ச் ஒரு துடிப்பு அனுப்பும். ஒரு துடிப்பு ஒரு யூனிட், ஒரு யூனிட்டுக்கு ஒண்ணேகால் ரூபாய் சொச்சம். யூனிட்டின் விலை மாறாது, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மாறும். பக்கத்து ஊர் என்றால் நிதானமாகத் துடிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினால் பகல் நேரத்தில் இரண்டு நொடிக்கு ஒரு துடிப்பு. அதாவது நிமிஷத்துக்கு 30 ரூபாய்க்கு மேல். எதிரே பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தால் அவனவன் இதயத்துடிப்பும் கூடவே ஓடும்.

இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும். பாதி, மூன்றில் ஒன்று என்று குறைந்து, 11 மணிக்கு மேல் கால்வாசி. இரண்டு நொடித் துடிப்பு எட்டு நொடியாகும். 246 நொடியை எட்டால் வகுத்தால் 31 யூனிட். என் பில் கணக்கு சரிதான்!

அதனால் இந்தியாவின் வெளியூர்வாசிகள் எல்லோரும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அம்மா நினைப்பு வந்தவர்களாக இருந்தோம். பத்தே முக்காலுக்கே முனிர்க்கா பூத்தில் கூட்டம் சேரும். மலையாளி நர்ஸ்கள், பீகார் பையன்கள், ஒடியா கார்பென்டர்கள், நாங்கள் நாலைந்து தமிழர்கள். குளிர்காலத்தில் எல்லோரும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்போம். உள்ளே இருப்பவர் என்ன பேசுகிறார் என்று மொழி புரியாவிட்டாலும் தெரிந்துவிடும். குரல் உயர்ந்தால் பணம், தணிந்தால் காதல், மௌனமாக நின்றால் நல்ல சேதி இல்லை.

பூத்காரர் உ.பி.க்காரர். ஒரு கால் போலியோவில் சூம்பியது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கிடைத்த பூத். பெட்டியும் அச்சு எந்திரமும் கடன் வாங்கி வாங்கியது. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்வார். என்னை "மதராசி பாபு" என்பார். நான் சங்கரன்கோவில் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, கடையோடு பூத்தும் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. நான் முதலில் அண்ணாச்சிக்கு அடித்து, "அண்ணாச்சி, நான் டெல்லியிலேருந்து" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட வேண்டும். அதற்கே இரண்டு யூனிட் ஓடியிருக்கும்.

"அம்மைய கூட்டியார ஆள் அனுப்புதேன். பத்து நிமிஷம் கழிச்சுப் போடுய்யா."

மறுபடி அடித்தால் அம்மா. "நல்லாருக்கியாய்யா? சாப்ட்டியா? சரி, காசு ஓடும், வெச்சிரு." இதைத்தான் வாராவாரம் சொல்வாள். நான் நாலு நிமிஷம் இழுத்துப் பேசுவேன். அண்ணாச்சிக்கு உள்வரும் அழைப்பில் ஒரு பைசா வருமானம் கிடையாது. அம்மா கொடுத்த இரண்டு ரூபாயையும் பல வாரம் அவர் வாங்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

ஒரு விடிகாலை

1998 ஜனவரி. டெல்லி மூடுபனியில் எதிர் வீடு தெரியாது. விடிகாலை நாலரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் பூத்காரர். ஒரு கையில் கம்பு, மறு கையில் சுவர். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது.

ஊரிலிருந்து அண்ணாச்சி பூத் எண்ணுக்கு அடித்திருக்கிறார். எப்போதாவது தேவைப்படும் என்று ஒரு தடவை நான் கொடுத்து வைத்த எண். அவருக்கு இந்தி தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது நாலு இங்கிலீஷ் வார்த்தை. ஃபாதர், சீரியஸ், ஆஸ்பத்திரி, மதராசி. அதை வைத்துக்கொண்டு இருபது முப்பது வாடிக்கையாளர்களில் இது யாருக்கான சேதி என்று சரியாகப் பிடித்து, அந்தக் காலோடு அந்தப் படிகளை ஏறி வந்திருக்கிறார்.

நான் கீழே போய்ப் பேசினேன். அப்பாவைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருந்தார்கள். அன்று பகல் முழுக்க நான் டிக்கெட்டுக்கும் பணத்துக்கும் அலைந்தபோது, மணிக்கொரு தரம் அவரே எங்கள் ஊருக்கு அடித்து, அண்ணாச்சியிடம் அதே நாலு வார்த்தையில் நிலவரம் கேட்டு எனக்குச் சொன்னார். ராத்திரி ரயிலேறும் முன் பில் கேட்டேன். "திரும்பி வா, பார்க்கலாம்" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார். ஒன்பது நாள் இருந்தார். அந்த ஒன்பது நாளும் இரண்டு பூத்காரர்கள் எனக்கு வாங்கிக் கொடுத்தது. தந்தியை நம்பியிருந்தால் அதில் எத்தனை நாள் எனக்குக் கிடைத்திருக்குமோ!

விலை சரிந்த கதை

1995 ஜூலை 31-ஆம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் மொபைலில் பேசினார். நாட்டின் முதல் மொபைல் அழைப்பு. பூத்துக்காரர்கள் யாரும் பயப்படவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை. பேசினால் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை, யாராவது கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு. அது பணக்காரர்களின் இடுப்பில் தொங்கிய செங்கல்.

உண்மையில் பூத்தைக் கொன்றது மொபைல் கருவி என்று நான் நினைக்கவில்லை. தூரத்தின் விலை விழுந்ததுதான் கொன்றது. வரிசையாகப் பாருங்கள்.

1999-இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியூர்க் கட்டணத்தைக் குறைத்தது. 2000-இல் நெடுந்தூர சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டது, அதே வருஷம் அக்டோபரில் பி.எஸ்.என்.எல். பிறந்தது. 2002 ஜனவரியில் மிக நீண்ட தூரத்துக்கும் நிமிஷத்துக்கு 9 ரூபாய் 60 காசு. பட்டப்பகலில்! நாங்கள் ராத்திரி பதினோரு மணிக்குக் குளிரில் நின்று வாங்கிய விலை. அந்த மாதத்திலிருந்து பதினோரு மணி வரிசை கரைய ஆரம்பித்தது.

2003 மே மாதம் மொபைலில் உள்வரும் அழைப்பு இலவசமானது. அதே வருஷம் ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று கூவியது. 2004-இல் மொபைல்களின் எண்ணிக்கை கம்பி போன்களைத் தாண்டியது. 2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல். திட்டத்தில் இந்தியாவின் எந்த மூலைக்கும் நிமிஷம் ஒரு ரூபாய். பத்து வருஷத்துக்குள் முப்பது ரூபாய் ஒரு ரூபாயானது. வேறு எந்தப் பொருளின் விலையாவது நம் நாட்டில் இப்படி விழுந்து பார்த்திருக்கிறோமா?

பூத்காரரின் வருமானம் கமிஷன். விலை முப்பதில் ஒரு பங்கானால் அதே கமிஷனுக்கு முப்பது மடங்கு ஆட்கள் வர வேண்டும். ஆட்களோ குறைந்துகொண்டிருந்தார்கள். இதற்குப் பெரிய பொருளாதாரப் படிப்பெல்லாம் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புள்ளிவிவரத்தில் பொதுத் தொலைபேசிகளின் எண்ணிக்கை இந்த வருஷங்களில் குறையவில்லை, ஏறியது. 2000-களின் பிற்பகுதியில் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல். எப்படி? பெட்டிக்கடை, டீக்கடை, சலூன் என்று எங்கே பார்த்தாலும் தொங்கிய ஒரு ரூபாய்க் காசுப் பெட்டிகள்! தனியார் கம்பெனிகள் பலவும் கம்பியில்லாமல் இயங்கும் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தன. கடைக்காரருக்கு அது மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில். எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவருக்குப் பொதுத் தொலைபேசி பிரமாதமாக வளர்வதாகத் தோன்றியிருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட பூத்துகள் அதற்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. 2015 நடுவில் எல்லா வகையும் சேர்த்தே 6 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது.

தந்திக்காவது 2013 ஜூலையில் கடைசி நாள் என்று ஒன்று இருந்தது. டி.வி.க்காரர்கள் வந்தார்கள், ஞாபகார்த்தமாகத் தந்தி அனுப்ப ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எஸ்.டி.டி. பூத்துக்குக் கடைசி நாள் என்று எதுவும் இல்லை. ஒரு நாள் ஷட்டர் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ச் சாரி

நான் மொபைல் வாங்கியது 2003 தீபாவளிக்கு. அதற்கு முன்பே ஊரில் வீட்டுக்கு போன் வந்துவிட்டது. அப்புறம் பூத்துக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. முதல் சில வாரம் அவரிடம் ஏதாவது பேசிவிட்டு வந்தேன். அவர் கண் என் சட்டைப் பையில் இருக்கும் போனுக்குப் போகும், எனக்குக் கூச்சமாக இருக்கும். பிறகு தெருவின் எதிர்ச் சாரியில் நடக்க ஆரம்பித்தேன். பால் வாங்கப் போனாலும் எதிர்ச் சாரிதான். என் அப்பாவின் ஒன்பது நாளைக் கொண்டுவந்து கொடுத்தவரை அப்படித்தான் கடந்து போனேன். சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை. நடந்தது இது.

பிறகு வேறு பகுதிக்கு வீடு மாறிப் போய்விட்டேன். 2008-இல் ஒரு வேலையாக முனிர்க்கா பக்கம் போனபோது உள்ளே நுழைந்தேன். கண்ணாடி அறைக்குள் ஜெராக்ஸ் மெஷின். கவுன்டரில் ரீசார்ஜ் கூப்பன்கள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கூரியர். போன் ஒன்று மூலையில் இருந்தது, மேலே தூசி. அவருக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது.

"மதராசி பாபு, அம்மா எப்படி இருக்காங்க?"

நான் வராமல் போனதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மொபைலை எடுத்துக் காட்டினார். "நானும் வாங்கிட்டேன். ஊர்ல இருக்கிற மகளோட பேச என் பூத்தைவிட இதுதான் சல்லிசு."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பூத்தைக் கொடுக்கும்போது எனக்குச் சான்றிதழ் கேட்டாங்க, டாக்டர் வந்து காலை அளந்தார், கையெழுத்து வாங்கினாங்க. போகும்போது யாரும் ஒண்ணும் கேட்கலை." குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்துப் போனபோது அங்கே மோமோ கடை இருந்தது. ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அண்ணாச்சிக்கு மளிகைக் கடை இருந்ததால் தப்பித்தார். பூத் பெட்டி ரொம்ப நாள் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது.

வருத்தப்பட வேண்டுமா?

அந்தக் காலம் திரும்ப வர வேண்டுமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். "காசு ஓடும், வெச்சிரு" என்று என் அம்மா இப்போது சொல்வதில்லை. சாவகாசமாக வீடியோவில் வந்து முருங்கைமரம் பூத்திருப்பதைக் காட்டுகிறாள். இதை எந்த மஞ்சள் போர்டுக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியூரில் பிழைக்கும் குடும்பங்கள் தூரத்துக்குக் கட்டிய வரி ஒழிந்தது நல்ல விஷயம்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தியத் தொலைத்தொடர்பின் வெற்றிக் கதையை எழுதுகிறவர்கள் சி-டாட்டிலிருந்து ஆரம்பித்து நேரே மொபைலுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவே ஏறத்தாழ இருபது வருஷம் இந்த நாட்டை நாற்காலியில் உட்கார்ந்தபடி இணைத்தவர்கள் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார்கள். எத்தனை கோடிப் பேருக்குப் போன் கிடைத்தது என்று வருஷா வருஷம் எண்ணினோம். கடன் வாங்கிப் பூத் போட்டவர்கள், வேறு வேலைக்குப் போக உடம்பு இடம் கொடுக்காதவர்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது தேடிப் போய்க் கேட்டதாக நான் அறியவில்லை. மறுவாழ்வு என்று சொல்லிக் கொடுத்த ஒன்று காலாவதியாகும்போது அடுத்தது என்ன என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

பொதுத் தொலைபேசிக்கு இனி வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மொபைல்கள் ஊமையானபோது, நாங்கள் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு பழைய டைரிகளில் யார் வீட்டுக் கம்பி போன் எண்ணாவது இருக்கிறதா என்று தேடினோம். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொடர்புகள் துண்டிக்கப்பட்டபோது, ஸ்ரீநகரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைத்த போனில் வெளியூர்ப் பிள்ளைகளோடு ஓரிரு நிமிஷம் பேச ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முனிர்க்கா வரிசைதான் ஞாபகம் வந்தது. அதே முகங்கள், கதவையே பார்க்கும் அதே பார்வை.

சீட்டைத் திரும்ப டைரிக்குள்ளேயே வைத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய டைரி இருக்கும். அதில் பி.பி. என்று போட்ட ஒரு எண்ணும் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இப்போது என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். எங்கள் அண்ணாச்சியை நான் போன பொங்கலுக்குப் பார்த்தேன். கண்பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

"டெல்லியா? பத்து நிமிஷம் கழிச்சுப் போடுய்யா" என்றார், சிரித்துக்கொண்டே.